நியூயார்க் ஆங்கிலத் தேர்வில் 58: மகனை ஈ.என்.எல். வகுப்பிலிருந்து எடுத்துவிடலாமா?

குவீன்ஸிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் நீக்கிவிட்டேன். சொந்த ஊர் மதுரைப் பக்கம். மகன் அங்கே மெட்ரிகுலேஷன் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தவன், ஆங்கிலத்தில் எப்போதும் தொண்ணூறுக்கு மேல் வாங்குவானாம். 2022 செப்டம்பரில் இங்கே அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தான், இப்போது பதினொன்றாம் வகுப்பு. கணக்கிலும் அறிவியலிலும் குறை ஒன்றுமில்லை. ஆனால் இந்த 2025 ஜனவரியில் எழுதிய ரீஜென்ட்ஸ் (உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு மாநிலம் நடத்தும் பொதுத்தேர்வு) ஆங்கிலத் தேர்வில் 58 வந்திருக்கிறது. தேர்ச்சிக்கு 65 வேண்டும். ஜூனில் மறுபடி எழுத வேண்டும்.

அவர் கேட்பவை: ஆங்கிலம் புதிதாகக் கற்பவர்களுக்கான ஈ.என்.எல். வகுப்பில் இன்னும் வைத்திருப்பதால்தான் பையன் பின்தங்குகிறானா, கடிதம் கொடுத்து அதிலிருந்து எடுத்துவிடலாமா? கணவர் மணிக்கு 90 டாலர் டியூஷன் பார்த்து வைத்திருக்கிறார், சேர்க்கலாமா? இருபது மாதிரிக் கட்டுரைகளைத் தயார் செய்து மனப்பாடம் பண்ண வைத்தால் போதுமா? விடைத்தாளை மறுமதிப்பீட்டுக்குக் கொடுக்க முடியுமா? ஜூனிலும் போய்விட்டால் பள்ளி முடித்ததற்கான டிப்ளமாவே கிடைக்காதா?

கடிதத்தின் ஓரத்தில் சொல்வதுபோல இரண்டு விஷயங்களும் இருந்தன. ஜனவரித் தேர்வில் பள்ளி கூடுதல் நேரம் தர முன்வந்தபோது, "தனி அறையில் உட்கார்ந்தால் எல்லோரும் ஒரு மாதிரி பார்ப்பார்கள், நீ மற்றவர்களோடேயே எழுது" என்று இவர்தான் மகனிடம் சொல்லியிருக்கிறார். ஸ்கோர் வந்த பிறகு வீட்டில் தமிழ் பேசக்கூடாது என்று விதி போட்டுவிட்டார்கள், அதிலிருந்து "சாப்பிடும்போதுகூட அவன் வாயே திறப்பதில்லை" என்கிறார்.

அன்புச் சகோதரி,

நியூயார்க் உயர்நிலைப் பள்ளிகளில், நம் ஊர்களிலிருந்து வந்த பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மதுரையில் தொண்ணூறு வாங்கியவன் இங்கே 58 வாங்கியதற்குக் காரணம் அவன் ஆங்கிலம் கெட்டுப்போனதோ, அவன் சோம்பேறியானதோ இல்லை. இரண்டும் வேறு வேறு தேர்வு. அங்கே பாடப்புத்தகத்தில் இருந்ததைத் திருப்பி எழுதத் தெரிகிறதா என்று பார்த்தார்கள். இங்கே அவன் இதுவரை பார்த்திராத பக்கங்களைக் கையில் கொடுத்து, இதை எழுதியவர் என்ன சொல்கிறார், எப்படிச் சொல்கிறார், நீ எந்தப் பக்கம், ஏன் என்று கேட்கிறார்கள். பாடப்புத்தகம் என்று ஒன்றே கிடையாது. இதை அவனிடம் யாரும் உட்கார்ந்து சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். உங்களிடமும்தான்.

அந்த மூன்று மணி நேரத்தில் என்ன நடக்கிறது

தேர்வு மூன்று பகுதி. முதல் பகுதியில் ஒரு கதைப்பகுதி, ஒரு கவிதை, ஒரு தகவல் கட்டுரை, இவற்றிலிருந்து 24 கேள்விகள், எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கிற வகை. இரண்டாம் பகுதியில் ஏதாவது ஒரு வாதத்துக்குரிய கேள்வியும் அதைப் பற்றி நான்கு கட்டுரைகளும் தருவார்கள். படித்துவிட்டு ஒரு பக்கம் நின்று, குறைந்தது மூன்று கட்டுரைகளிலிருந்து ஆதாரம் காட்டி எழுத வேண்டும். மூன்றாம் பகுதியில் ஒரே ஒரு உரை. அதன் மையக் கருத்து என்ன, அதை எழுத்தாளர் எந்த உத்தியால் வளர்த்தெடுக்கிறார் என்று இரண்டு மூன்று பத்தி.

இப்போது கணக்கைப் பாருங்கள், இதுதான் பெற்றோர் பலருக்குத் தெரியாதது. முதல் பகுதிக்கு 24 புள்ளி. இரண்டாம் பகுதிக் கட்டுரையை 6க்குத் திருத்தி, அதை 4 ஆல் பெருக்குகிறார்கள், அதுவும் 24. மூன்றாம் பகுதியை 4க்குத் திருத்தி 2 ஆல் பெருக்கினால் 8. மொத்தம் 56. அந்த எண்ணை ஒவ்வொரு தேர்வுக்கும் தனியாக வெளியிடும் அட்டவணையை வைத்து நூற்றுக்கு மாற்றுகிறார்கள். ஆகவே அந்த 58 நூற்றுக்கு ஐம்பத்தெட்டு கேள்வி சரி என்பதல்ல. இரண்டாம் பகுதிக் கட்டுரை 3 என்ற நிலையிலிருந்து 4க்கு ஏறினாலே 4 புள்ளி கூடும். அதே 4 புள்ளியை முதல் பகுதியில் எடுக்க வேண்டுமென்றால் தவறவிட்ட கேள்விகளில் நான்கைச் சரியாகப் போட வேண்டும். உழைப்பை எங்கே போடுவது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

மனப்பாடக் கட்டுரை ஏன் வேண்டாம்

மகன் ஜனவரியில் எழுதிய கட்டுரையைப் பற்றி, "நல்ல நல்ல பொன்மொழி எல்லாம் போட்டு, சொந்தக் கருத்தோடு மூன்று பக்கம் எழுதினான்" என்கிறீர்கள். அங்கேதான் புள்ளி போயிருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். திருத்துபவர்களுக்கு மாநிலக் கல்வித் துறை கொடுக்கும் விதி கறாரானது. கொடுத்த கட்டுரைகளைத் தொடாமல் சொந்த அபிப்பிராயமாக மட்டும் எழுதினால், எவ்வளவு அழகாக இருந்தாலும் 6க்கு 1 தான் உச்சம். மூன்று கட்டுரை கேட்ட இடத்தில் இரண்டை மட்டும் பயன்படுத்தினால் 3க்கு மேல் போட முடியாது. கொடுத்த கட்டுரைகளையே முழுக்க முழுக்க அப்படியே பார்த்து எழுதியிருந்தால் 0. வீட்டில் தயார் செய்த இருபது கட்டுரைகளில் ஒன்று அதிர்ஷ்டவசமாக அதே தலைப்பிலேயே வந்தாலும்கூட, அன்று தேர்வு அறையில் கொடுக்கும் அந்த நான்கு கட்டுரைகளிலிருந்து ஆதாரம் எடுக்காவிட்டால் பயனில்லை.

அவனுக்கு இதைப் பட்டிமன்றம் என்று சொல்லிக் கொடுங்கள், உடனே பிடித்துக்கொள்வான். பட்டிமன்றத்தில் "இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு யாரும் உட்கார முடியாது. எந்த அணி என்று முதலில் சொல்ல வேண்டும். எதிரணி சொல்வதில் பலமான ஒன்றை எடுத்து, அது ஏன் போதாது என்று காட்ட வேண்டும். இங்கேயும் அதேதான். ஒரே வித்தியாசம், பேச்சாளர் ஊர் உலகத்து உதாரணமெல்லாம் எடுப்பார், இவன் மேசையில் இருக்கும் அந்த நான்கு கட்டுரைகளிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும், எந்தக் கட்டுரை, எத்தனையாவது வரி என்று எண்ணும் போட வேண்டும். ஆதாரத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவதும் நம் பிள்ளைகள் நிறையப் பேர் செய்யும் தவறு. மேற்கோளுக்கு அடுத்த வாக்கியம், "இது என் கட்சியை எப்படி நிரூபிக்கிறது" என்பதாக இருக்க வேண்டும்.

மூன்றாம் பகுதிக்கு உங்களுக்கே தெரிந்த ஒன்று உதவும். தமிழ்த் தேர்வில் "நயம் பாராட்டுக" என்று ஒரு கேள்வி வருமே, ஞாபகம் இருக்கிறதா? திரண்ட கருத்து, மையக்கருத்து, எதுகை, மோனை, அணி என்று ஒவ்வொரு தலைப்பாகப் போட்டு நிரப்புவோம். இதுவும் கிட்டத்தட்ட அதன் உறவுதான், ஆனால் இங்கே பட்டியல் வேண்டாம். ஒரே ஒரு உத்தியை எடுத்து, அது இல்லாவிட்டால் அந்தக் கருத்து எப்படிப் பலவீனப்படும் என்பதுவரை போக வேண்டும். ஒரு உதாரணம் சொல்கிறேன், நானே கட்டியதுதான். இருபது வருடம் கழித்து ஊருக்கு வரும் ஒருவர் வீட்டைத் திறக்கப் பார்க்கிறார், பூட்டு துருப்பிடித்திருக்கிறது. அந்தப் பூட்டு முதல் பத்தியில் ஒரு தொல்லையாக வருகிறது, நடுவில் அப்பா தினமும் எண்ணெய் போட்ட பூட்டாக வருகிறது, கடைசியில் அவர் அதை உடைக்க மனமில்லாமல் திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். "எழுத்தாளர் பூட்டைக் குறியீடாகப் பயன்படுத்துகிறார், அது கதைக்கு அழகு சேர்க்கிறது" என்று எழுதினால் அது குறைந்த மதிப்பெண் விடை. "மூன்று இடத்தில் மூன்று விதமாக வரும் பூட்டு, அவர் மனம் எரிச்சலிலிருந்து குற்றவுணர்வுக்கு நகர்வதைக் காட்டுகிறது, உடைக்காமல் விடுவது திரும்பி வந்தாலும் பழைய வீட்டுக்குள் போக முடியாது என்ற மையக் கருத்தைச் சொல்லிவிடுகிறது" என்று எழுதினால் அது நல்ல விடை. ஆங்கிலம் கொஞ்சம் தட்டுத் தடுமாறி இருந்தாலும் இந்த யோசனைக்கு மதிப்பெண் உண்டு. இலக்கணத்துக்கும் திருத்துகிறார்கள்தான், ஆனால் அது பல அளவுகோல்களில் ஒன்று.

ஈ.என்.எல். வகுப்பிலிருந்து எடுக்கலாமா?

கூடாது. முதலில், இந்த மாநிலத்தில் அது உங்கள் கையெழுத்தால் நடக்கிற காரியம் இல்லை. இருமொழி வகுப்பு வேண்டாம் என்று பெற்றோர் சொல்லலாம், ஆனால் ஆங்கிலம் கற்பவர் என்று வகைப்படுத்தப்பட்ட மாணவருக்குக் குறைந்தபட்ச ஈ.என்.எல். சேவையைப் பள்ளி கொடுத்தே ஆக வேண்டும். அதைவிட முக்கியம், எடுக்க முடிந்தாலும் அது அவனுக்கு நஷ்டம். நீங்கள் முத்திரை என்று நினைக்கும் அந்த வகைப்பாடுதான் இப்போது அவனுக்குக் குடை.

கூடுதல் நேரம், தனி இடம், தேர்வில் இருமொழி அகராதி, இதெல்லாம் அந்த வகைப்பாட்டினால் வருவது. கூடுதல் நேரம் வாங்கினான் என்று டிப்ளமாவில் எங்கும் அச்சிடுவதில்லை. உங்கள் மகன் மூன்றாம் பகுதியை அவசரத்தில் ஆறு வரியில் முடித்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆறு வரிக்குப் பதில் இரண்டு பத்தி எழுத நேரம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை, பிள்ளை கூச்சப்படக்கூடாது என்ற அக்கறையில் சொன்னீர்கள், நான் பார்த்த அம்மாக்களில் பாதிப் பேர் அதையேதான் சொல்வார்கள். ஆனால் ஜூனில் அதை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்களே வாய்விட்டுச் சொன்னால்தான் அவனுக்குத் தயக்கம் போகும்.

அகராதி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சொல்லுக்கு நேர்ச்சொல் மட்டும் தரும் அகராதிதான் அனுமதி. நம் வீடுகளில் இருக்கும் ஆங்கிலம்–ஆங்கிலம்–தமிழ் அகராதி அர்த்த விளக்கமும் தருவதால் உள்ளே விட மாட்டார்கள். இப்போதே பள்ளியில் காட்டி ஒப்புதல் வாங்கி, பயிற்சியிலும் அதையே பயன்படுத்தட்டும்.

அவன் அந்த வகுப்பிலிருந்து வெளியே வர ஒரு நேர்வழியும் இருக்கிறது. வருடா வருடம் வசந்த காலத்தில் நடக்கும் நைசெஸ்லாட் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் உச்ச நிலையான 'கமாண்டிங்' வாங்கினால் வெளியே வரலாம். இல்லையென்றால் அதற்கு முந்தைய 'எக்ஸ்பாண்டிங்' நிலையோடு ரீஜென்ட்ஸ் ஆங்கிலத்தில் 65 எடுத்தாலும் வரலாம். சென்ற வருடம் எக்ஸ்பாண்டிங் என்று எழுதியிருக்கிறீர்களே, அப்படியென்றால் இந்த வருடமும் அதே நிலை வந்து ஜூனில் 65 எடுத்தாலே நீங்கள் கேட்டது நடந்துவிடும். வெளியே வந்த பிறகும் இரண்டு வருடம் வரை தேர்வுச் சலுகைகள் தொடர வழி உண்டு.

ஜூனிலும் 65 வராவிட்டால்

டிப்ளமா போய்விடும் என்று நீங்கள் தூங்காமல் இருக்கிறீர்கள். அவன் முறைப்படி பள்ளியை முடிக்க வேண்டியது 2026 ஜூனில்தான். அதற்குள் இந்த ஆகஸ்ட், அடுத்த ஜனவரி, அடுத்த ஜூன் என்று இன்னும் வாய்ப்புகள் இருக்கின்றன. கட்டணமும் இல்லை.

அதோடு மேல்முறையீடு என்று ஒன்று உண்டு. குறைந்தது இரண்டு தடவை எழுதி, 60 முதல் 64 வரை வாங்கியவர்கள் விண்ணப்பிக்கலாம். இப்படி ஒரே ஒரு தேர்வுக்கு மட்டும் மேல்முறையீடு ஏற்கப்பட்டால் முழுமையான ரீஜென்ட்ஸ் டிப்ளமாவே கிடைக்கும். இன்னொன்று, அமெரிக்கப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பிலோ அதற்குப் பிறகோ முதன்முதலாகச் சேர்ந்த ஆங்கிலம் கற்பவர்களுக்கு மட்டும். அவர்கள் ஆங்கிலத்தில் 55 முதல் 59 வரை வாங்கியிருந்தாலும் மேல்முறையீடு செய்து லோக்கல் டிப்ளமா பெறலாம், இரண்டாம் தடவை எழுதும்போது ஆங்கிலம் கற்பவராக வகைப்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. உங்கள் மகன் 2022இல் ஒன்பதாம் வகுப்பில் வந்தவன், ஸ்கோர் 58. அவனுக்கென்றே எழுதினதுபோல இருக்கிறது இல்லையா? நீங்கள் கடிதம் கொடுத்து எடுத்துவிட நினைத்தது இந்தக் கதவைத்தான். லோக்கல் டிப்ளமா ஒரு படி கீழே என்பது உண்மை, அதை இலக்காக வைக்கச் சொல்லவில்லை. ஆனால் அதுவும் மாநிலம் ஏற்றுக்கொண்ட டிப்ளமா, அதை வைத்துக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம்.

ரீஜென்ட்ஸையே எடுக்கப் போகிறார்கள் என்று உறவினர் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். டிப்ளமாவுக்கு இந்தத் தேர்வுகள் கட்டாயம் என்ற நிலையை 2027-28இல் முடித்துக்கொள்ளும் திட்டத்தை மாநிலக் கல்வித் துறை 2024 நவம்பரில் முன்வைத்தது. உங்கள் மகன் அதற்கு முன்பே பள்ளியை முடித்துவிடுவான். அதை நம்பி உட்காராதீர்கள்.

விடைத்தாளும் டியூஷனும்

மறுமதிப்பீடு கிடையாது. கட்டுரைகளை முதலிலேயே இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்துகிறார்கள், இருவர் போட்டதில் ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாமவர் பார்க்கிறார், சொந்த மாணவரின் தாளை அந்த ஆசிரியர் திருத்தவும் முடியாது. ஒருமுறை முடிந்த பிறகு கூட்டல் பிழை மாதிரியானவற்றைத் தவிர மாற்ற வழியில்லை.

ஆனால் தாளைப் பார்க்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, அதுதான் உங்களுக்கு உண்மையில் வேண்டியது. மாணவரின் கல்விப் பதிவுகளைப் பெற்றோர் பார்வையிடலாம் என்று 1974இலிருந்து கூட்டாட்சிச் சட்டமே சொல்கிறது, கேட்டால் 45 நாளுக்குள் காட்ட வேண்டும். விடைத்தாளைப் பள்ளி குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும். பள்ளியின் மாணவர் ஆலோசகரான கைடன்ஸ் கவுன்சிலருக்கு ஒரு ஈமெயில் போடுங்கள். நேரில் போகும்போது ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள், தொலைபேசி வழியாகவாவது ஏற்பாடு செய்வார்கள், அதற்குக் காசு கேட்கக்கூடாது. மகனையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள், அவன் ஸ்கோரைப் பற்றி அவனே உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பது அவனுக்குக் கஷ்டம்.

டியூஷனுக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். பள்ளியிலேயே மாலையிலோ சனிக்கிழமையிலோ ரீஜென்ட்ஸ் உதவி வகுப்பு இருக்கிறதா என்று கேட்டு அதில் சேருங்கள். இலவசம் என்பது மட்டும் காரணமில்லை. நாளைக்கு மேல்முறையீடு என்று போனால், மாணவர் அந்தப் பாடத்தில் பள்ளி கொடுத்த உதவியைப் பயன்படுத்தினாரா, அந்தப் பாடத்தில் தேர்ச்சி பெற்றாரா, ஆசிரியர் பரிந்துரைக்கிறாரா என்றெல்லாம் பார்ப்பார்கள். வெளியே 90 டாலர் கொடுத்துப் படித்தது அந்தப் பதிவில் ஏறாது.

பயிற்சிக்குப் பழைய வினாத்தாள்கள் கல்வித் துறையின் இணையதளத்தில் இலவசமாக இருக்கின்றன. வினாத்தாளை மட்டும் இறக்கிக்கொண்டு போகாதீர்கள், கூடவே இருக்கும் திருத்தும் வழிகாட்டியைத் திறந்து பாருங்கள். அதில் மாணவர்கள் எழுதிய உண்மையான விடைகள், இதற்கு ஏன் 3, இதற்கு ஏன் 5 என்ற விளக்கத்தோடு இருக்கும். இருபது கட்டுரையை மனப்பாடம் செய்வதைவிட, மதிப்பெண்ணை மறைத்துவிட்டு நான்கு கட்டுரைக்கு அவனையே ஆசிரியர் மாதிரி மார்க் போடச் சொல்லுங்கள், அப்புறம் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். வாரத்துக்கு ஒரு இரண்டாம் பகுதி, ஒரு மூன்றாம் பகுதி முழுதாக எழுதினால் ஜூனுக்குப் போதும். சலுகை இல்லாத மூன்று மணிக் கணக்கில் நான் மாணவர்களுக்குச் சொல்வது, முதல் பகுதிக்கு 55 நிமிடம், இரண்டாவதற்கு 80, மூன்றாவதற்கு 35, மீதிப் பத்து திரும்பிப் பார்க்க.

வீட்டில் தமிழ்

அந்த விதியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். வீட்டில் தமிழ் பேசுவதால் ஆங்கிலம் குறையாது. நாள் முழுக்கப் பள்ளியில் ஆங்கிலத்தில் யோசித்துக் களைத்து வருகிற பையன் மனசுக்குள் இருப்பதைச் சிரமமில்லாமல் சொல்லக்கூடிய ஒரே இடத்தையும் நாம் மூடிவிட்டால் அவன் எங்கேதான் பேசுவான்? அதோடு இந்தத் தேர்வு கேட்கும் வேலை, ஒரு கட்சி எடுப்பது, காரணம் சொல்வது, எதிராளிக்குப் பதில் சொல்வது, எந்த மொழியில் பழகினாலும் பழக்கம்தான். படித்த நான்கு கட்டுரைகளையும் அவன் தமிழில் உங்களுக்குச் சொல்லட்டும். நீங்கள் வேண்டுமென்றே எதிரணியில் நில்லுங்கள். "போடா, எனக்கு ஒப்பவில்லை, எந்த வரியில் அப்படிச் சொல்லியிருக்கிறது காட்டு" என்று கேளுங்கள். சண்டை போட்டு முடித்த பிறகு அவன் போய் ஆங்கிலத்தில் எழுதட்டும். ஆங்கிலம் தெரியாதே, நான் எப்படி உதவுவது என்று கேட்டிருந்தீர்கள். இப்படித்தான்.

விடைத்தாளைப் பார்த்ததும் இரண்டாம் பகுதிக்கு எத்தனை போட்டிருக்கிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள். 2 என்றால் ஒரு மாதிரி பயிற்சி, 3 என்றால் வேறு மாதிரி. 4 அங்கேயே இருக்கிறதென்றால் இவ்வளவு நேரம் நான் கட்டுரையைப் பற்றிப் பேசியதை ஓரமாக வைத்துவிட்டு முதல் பகுதிக் கேள்விகளை, குறிப்பாகக் கவிதையை, எடுத்துக்கொள்வோம்.